பனியிலும் ஓட்ட ஒரு வேகக் கார்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் குளிர். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அதே வாரங்களில்தான் டிராக்கன்ஸ்பர்க் மலையிலும் லெசோத்தோவிலும் பனி விழுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கோயிலுக்கும் குடும்பத்தைப் பார்க்கவும் என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு வந்து போகும் காலமும் அதுதான். பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரை விற்றவர்களும், விபத்தில் காரை இழந்து இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்தவர்களும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "அடுத்த காரும் துடிப்பாக இருக்க வேண்டும், ஆனால் பனியில் கைவிடக் கூடாது." மாரிட்ஸ்பர்க்கில் குடியிருந்து, குளிர்காலங்களில் மலைப்பக்கம் அடிக்கடி போய் வருகிறவன் என்ற முறையில் என் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இங்கே பனி வருஷத்துக்கு நாலு நாள்தானே? அதற்காக ஒரு காரையே தேட வேண்டுமா?

நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டர்பனில் வீடு, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஜோகன்னஸ்பர்க் பயணம், அவ்வளவுதான் என்றால் பனிக்காகக் காரை மாற்ற வேண்டாம். நல்ல டயர் போடுங்கள், வானிலை அறிவிப்பைப் பார்த்துப் புறப்படுங்கள். லெசோத்தோவில் பனிச்சறுக்கு விளையாடும் இடமான ஆஃப்ரிஸ்கிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், அண்டர்பர்க், கோக்ஸ்டட், பார்க்லி ஈஸ்ட் பக்கம் வேலை நிமித்தம் போகிறவர்கள், ஃப்ரீ ஸ்டேட்டில் கிளாரன்ஸ், ஹாரிஸ்மித் வட்டாரத்தில் வசிக்கிறவர்கள் ஆகியோருக்குத்தான் இந்தத் தேடல் உண்மையிலேயே பயன்படும்.

ஆனாலும் "நாலு நாள்தானே" என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012 ஆகஸ்ட் 7 அன்று நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் பனி விழுந்தது. 2023 ஜூலை 10 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குள்ளேயே விழுந்தது. 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், வான் ரீனன் கணவாயில் கொட்டிய பனியால் என்3 மூடப்பட்டது. கார்களிலும் லாரிகளிலும் நூற்றுக்கணக்கானவர்கள் இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள். அதில் குழந்தைகள் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள்.

பனியைவிட அடிக்கடி வருவது ஐஸ். மலையை வெட்டிப் போட்ட சாலையில், பாறையிலிருந்து கசியும் தண்ணீர் இரவில் தாரின் மேல் பரவி உறைந்துவிடும். வெயில் ஏறி மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும், பாறையின் நிழல் விழும் அந்த இருபது முப்பது அடி மட்டும் உறைந்தே இருக்கும். பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் தெரியும். ஜூலை காலையில் வெளியே 3 டிகிரிக்குக் கீழே என்று டேஷ்போர்டு காட்டினால், நிழலுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

ஆல் வீல் டிரைவ் இருந்தால் போதும்தானே?

போதாது. எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்கிறேன். நான்கு சக்கரமும் இழுப்பதால் கார் கிளம்பும், மேடு ஏறும். பிரேக் போடும்போது எந்தக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு; அங்கே ஆல் வீல் டிரைவுக்கு எந்தச் சலுகையும் இல்லை. வளைவில் கார் சாலையைப் பிடித்துக்கொள்வதும் டயரின் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் பிரேக் அழுத்தினால் காய்ந்த தாரில் ஏறத்தாழ 18 மீட்டரில் வண்டி நிற்கும். அழுந்திய பனியில் 70 மீட்டர் ஆகும். ஐஸ் மேல் 140 மீட்டர்கூட ஆகலாம். கால் பிரேக்குக்குப் போவதற்கு முன் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. 235 கிலோவாட் கோல்ஃப் ஆர் ஆனாலும், பழைய போலோ ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஆல் வீல் டிரைவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்சக்கர இழுவைக் கார் மேட்டில் சக்கரம் சுற்றி, "இது வழுக்கும் இடம்" என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஆல் வீல் டிரைவ் அதைக் காட்டாமலேயே ஏறிவிடும். மறுபக்கம் இறங்கும்போதுதான் ஓட்டுநருக்குச் சாலையின் நிலை தெரியவரும். அதனால் சாதாரணக் கோடை டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் காரையும், குளிர்கால டயர் போட்ட முன்சக்கர இழுவைக் காரையும் பக்கத்தில் நிறுத்தி, பனிமலையில் எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதன் சாவியைத்தான் எடுப்பேன்.

அப்படியானால் எந்த டயர்?

வேகக் கார்களில் தொழிற்சாலையிலேயே வருவது கோடை டயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். பந்தயத் தடத்துக்கான செமி ஸ்லிக் வகை டயர்களை உறைநிலையில் ஓட்டவே வேண்டாம் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்; மேல்பரப்பில் கத்தியால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதன் நடுவே ஒரு பனித்துகள் நட்சத்திரம்: இந்த முத்திரை இருந்தால் அந்த டயர் பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். எம் ப்ளஸ் எஸ் என்ற எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். அது டயரின் பூவை, அதாவது மேல்பரப்பில் உள்ள பள்ளங்களின் அமைப்பைப் பற்றி உற்பத்தியாளரே போட்டுக்கொள்வது. சோதனை எதுவும் தேவையில்லை.

நம் நாட்டில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. அதனால் கடைகளில் இருப்பும் குறைவு. உங்கள் அளவுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டிவரும். டர்பனில் இருந்துகொண்டு முழுக் குளிர்கால டயர் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. கடற்கரையில் ஜூலையிலும் பகலில் 22, 23 டிகிரி வெயில். அந்தச் சூட்டில் மென்ரப்பர் சீக்கிரம் தேயும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மலை முத்திரை உள்ள ஆல் சீசன் டயர்தான் சரி. வருஷம் முழுக்கப் போட்டிருக்கலாம். கோடையில் வளைவுகளில் கொஞ்சம் கூர்மை குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஹாரிஸ்மித்திலோ பெத்லகேமிலோ வீடு இருந்தால், தனி ரிம்களில் ஒரு செட் குளிர்கால டயர் வைத்துக்கொள்வது நியாயமான செலவு.

அளவையும் கவனியுங்கள். 19 அங்குல ரிம்மும் பக்கச் சுவர் குட்டையான 35 வரிசை டயரும் பார்க்க அழகு. பனிக்கு அகலம் குறைந்த, பக்கச் சுவர் உயர்ந்த டயர்தான் நல்லது. பிரேக் காலிப்பர் இடிக்காமல் உள்ளே போகும் சின்ன ரிம் எது என்று கேட்டு, 17 அல்லது 18 அங்குலத்துக்கு இறங்குங்கள். அண்டர்பர்க் போகும் ஆர்617 சாலைக் குழிகளில் ரிம் வளையாமல் தப்பிப்பது கூடுதல் லாபம்.

நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பூவின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால், சட்டப்படி ஓட்டலாம் என்றாலும், பனிக்கு அந்த டயர் ஆகாது.

டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? குளிரில் காற்றழுத்தம் குறையுமே?

குறையும். 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 பார். டர்பனின் 22 டிகிரியிலிருந்து ஆஃப்ரிஸ்கியின் மைனஸ் 8க்குப் போனால் 0.3 பார் இறங்க வேண்டும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 0.3 பார் குறைவு. அதனால் கேஜ் அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆகவே வீட்டில் கூடுதலாக அடித்துக்கொண்டு போக வேண்டாம். மேலே போய், காலையில் வண்டி கிளப்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, எந்தக் கார்களைப் பார்க்கலாம்? பெயர் சொல்லுங்கள்.

முதலில் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகும் அமைப்பு, தாழ்வாகப் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜின், டர்போ. 2014க்குப் பின் வந்த தலைமுறையில் 2.0 லிட்டர், இப்போதைய தலைமுறையில் 2.4 லிட்டர். வழுக்கும் சாலையில் அது அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது கைக்கு முன்பே தெரியும். எனக்கு அந்தக் குணம் மிகவும் பிடிக்கும். எரிபொருள் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். சின்ன ஊர்களில் சுபாரு தெரிந்த மெக்கானிக் கிடைப்பது அரிது.

கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 இரண்டும் ஒரே குடும்பம். ஜி.டி.ஐ.யிலிருந்து வருகிறவர்களுக்குப் பழகிய வீடு மாதிரி இருக்கும். இவற்றில் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும். தேவைப்படும்போது ஹால்டெக்ஸ் கிளட்ச் பின்சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். அன்றாடம் டர்பன் நகரத்துக்குள், வார இறுதியில் மலை என்று ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. திருடர்கள் கண்ணும் இந்தக் கார்கள் மேல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் 2021இல் இங்கே வந்தது. 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, அப்போது 198 கிலோவாட், கை கியர். சக்தி முன்னும் பின்னும் 60:40, 50:50, 30:70 என்று பிரிவதை ஒரு குமிழைத் திருப்பி மாற்றலாம். சின்ன உடம்பு, குறைந்த எடை. ஓட்டும் மகிழ்ச்சிக்கு இந்தப் பட்டியலில் இதற்கே முதலிடம். ஆனால் நான்கு இருக்கைதான். பாட்டரியைப் பின்னால் வைத்திருப்பதால் டிக்கி 174 லிட்டர்தான். இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி, கோயிலுக்குக் கொண்டு போகும் பாத்திரங்கள் என்றால் நடக்காது.

மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ35, பி.எம்.டபிள்யூ. எம்135ஐ எக்ஸ்டிரைவ் இரண்டும் 225 கிலோவாட், இரண்டும் ஆல் வீல் டிரைவ். பி.எம்.டபிள்யூ.வில் ஓர் எச்சரிக்கை: பழைய தலைமுறை எம்135ஐயும் எம்140ஐயும் இங்கே பின்சக்கர இழுவையில் வந்தவை. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். எக்ஸ்டிரைவ் என்ற சொல்லைத் தேடுங்கள்.

குடும்பத்தோடு அடிக்கடி லெசோத்தோ போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை வேறு: இரண்டாம் கையில் சுபாரு ஃபாரஸ்டர் எக்ஸ்.டி. 2.0 லிட்டர் டர்போ, 177 கிலோவாட், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம். பார்வைக்கு அடக்கமான குடும்ப வண்டிதான். மேட்டில் மிதித்தால் பல ஹேட்ச்பேக்குகள் பின்னால் நிற்கும். வேகமும் உயரமும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம், இதில் கிடைக்கிறது.

ஹூண்டாய் ஐ30 என், கோல்ஃப் ஜி.டி.ஐ., போலோ ஜி.டி.ஐ. எல்லாம் முன்சக்கர இழுவை. என்3இல் வந்து போவதற்கு இவை ஆல் சீசன் டயரோடு தாராளமாகப் போதும். ஆஃப்ரிஸ்கி வழியில் உள்ள மோட்டெங் கணவாய்க்கு இவற்றோடு, சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலியும் வேண்டும்.

உயரத்தில் கார் சக்தி இழக்கும் என்கிறார்களே?

டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் இழக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் 1,750 மீட்டரில் 17 சதவீதம் போய்விடும். ஆஃப்ரிஸ்கி 3,000 மீட்டரைத் தாண்டிய இடம்; அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். நான் மேலே சொன்ன கார்கள் எல்லாமே டர்போதான். பெட்ரோல் 95 ஆக்டேனே போடுங்கள். உயரமான இடத்தில் 93 போதும் என்ற பழைய பேச்சு டர்போ இல்லாத இன்ஜின்களுக்கு உரியது.

தரையிலிருந்து எவ்வளவு உயரம் வேண்டும்?

வேகக் கார்கள் பெரும்பாலும் 120 முதல் 140 மி.மீ. உயரத்தில் இருக்கும். புதிதாக விழுந்த பனி அதைவிட ஆழமானால், காரின் வயிறு பனி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சக்கரத்தின் மேல் பாரம் இருக்காது. அப்புறம் என்ன இழுவை இருந்தும் பயனில்லை. ஒரு சாண் ஆழத்துக்குப் பனி என்றால் கோல்ஃப் ஆரைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய காரை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

லெசோத்தோவுக்குள் போகும் சானி கணவாய் ஏறலாமா?

இந்தக் கார்களில் கூடாது. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்கு மேலே 4x4 வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. சுமார் 2,870 மீட்டர் உச்சிக்குக் கல்லும் கொண்டை ஊசி வளைவுமான பாதை, குளிர்காலத்தில் நிழலெல்லாம் ஐஸ். ஹைம்வில்லிலிருந்து வாடகை 4x4 அழைத்துப் போவார்கள். அதில் போய் வாருங்கள்.

ஆஃப்ரிஸ்கிக்கு ஹாரிஸ்மித், பெத்லகேம், ஃபூரீஸ்பர்க், கலிடன்ஸ்போர்ட் எல்லை, புத்தா புத்தே வழியாகப் போவது முழுக்கத் தார்ச்சாலை. ஆனால் மோட்டெங் கணவாய் 2,800 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. பனி விழுந்த மறுநாள் அங்கேதான் கார்கள் வரிசையாக நின்றுவிடும்.

இரண்டாம் கையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் பானெட்டைத் திறந்து காட்டும் முன், நீங்கள் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு தேய்மானமா? பூவுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினாலே வித்தியாசம் தெரியும். முன்னால் புதியது, பின்னால் மொட்டை என்று ஓட்டியிருந்தால் முன்பின் சக்கரங்களின் சுற்றளவு மாறி, நடு டிஃபரென்ஷியலோ கிளட்சோ ஓயாமல் உழைத்துத் தேய்ந்திருக்கும். ஆல் வீல் டிரைவ் காரில் டயரில் கஞ்சத்தனம் பண்ணியவர், மற்றதிலும் பண்ணியிருப்பார். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் டயர் பிறந்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம்.

ஹால்டெக்ஸ் உள்ள கோல்ஃப் ஆர், எஸ்3 என்றால் அந்த கிளட்சின் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள். சுமார் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பம்பின் சின்ன வலை அடைத்துக்கொண்டால் பின்சக்கர இழுவை சத்தமில்லாமல் செத்துவிடும். டேஷ்போர்டில் விளக்குகூட எரியாமல் போகலாம். நீங்கள் ஆல் வீல் டிரைவ் என்று நம்பி மலை ஏறுவது வெறும் முன்சக்கர வண்டியாக இருக்கும். புல்தரையிலோ மண்ணிலோ நிறுத்தி, சட்டென்று கிளப்பி, முன்சக்கரம் மட்டும் சுற்றுகிறதா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். ஆறு கியர் டி.எஸ்.ஜி. தானியங்கி கியர்பாக்ஸ் என்றால் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை அதன் ஆயிலும் மாற்றியிருக்க வேண்டும்.

பழைய 2.5 லிட்டர் சுபாரு எஸ்.டி.ஐ.யில் டியூனிங் செய்து சக்தி ஏற்றியிருந்தால் தள்ளி நில்லுங்கள். பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைவது அந்த இன்ஜினின் தெரிந்த நோய்.

டர்பன் கடற்கரைக் கார்களின் அடிப்பக்கத்தை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்; உப்புக் காற்று சஸ்பென்ஷன் போல்ட்டையும் பிரேக் குழாயையும் தின்றிருக்கும். பதிவுச் சான்றில் கோட் 3 என்று இருந்தால், விபத்தில் நொறுங்கித் திரும்பக் கட்டிய வண்டி. விலை மலிவாக இருக்கும், நாலு சக்கரமும் நேராக ஓடுமா என்பது சந்தேகம். நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்குப் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தனி ஆளிடம் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று, அதாவது இருக்கிறபடியே, வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழக்கமானவர், கோயிலில் பார்ப்பவர் என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். டெக்ராவிலோ ஏ.ஏ.விலோ காட்டிவிட்டு வாங்கினால் உறவும் கெடாது.

டியூனிங் செய்த காரை வாங்கலாமா? இன்சூரன்ஸ்?

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று மென்பொருள் மாற்றிய கார்கள் நம் வட்டாரத்தில் நிறைய. பனிக்கு அது தேவையே இல்லை. திடீரென்று பாயும் சக்தி வழுக்கும் சாலையில் பாதகம். எந்த மாற்றம் செய்திருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லுங்கள். ரிம் அளவு மாற்றியதையும் சேர்த்துத்தான். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு பணம் மறுக்க அதுவே காரணமாகலாம். டிராக்கர் போட வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறதா, லெசோத்தோவுக்குள்ளும் காப்பீடு உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

லெசோத்தோ எல்லையில் என்ன காகிதம் வேண்டும்?

பாஸ்போர்ட், காரின் பதிவுச் சான்று நகல், கார் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம். கடிதம் வர நாளாகும், முன்கூட்டியே கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை பார்க்கிறவர்கள் லெசோத்தோ விசா விதியையும், திரும்பி நுழைய உங்கள் பெர்மிட் செல்லுமா என்பதையும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

டர்பன் காரை அப்படியே மேலே கொண்டு போகலாமா? என்ன தயார் செய்ய வேண்டும்?

கூலன்ட். இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. கடற்கரையில் ரேடியேட்டர் கொஞ்சம் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவது பலருக்கும் வழக்கம். சில வருஷத்தில் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீராகிவிடும். டர்பனில் அது தெரியாது. மலையில் ஓர் இரவு மைனஸ் 8க்கு நிறுத்தினால் தண்ணீர் உறைந்து விரிந்து, ரேடியேட்டரையோ இன்ஜின் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். உறைவதைத் தடுக்கும் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 30க்கும் கீழே தாங்கும். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கும் கடையில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கோடு காட்டிவிடும். ஒரு நிமிஷ வேலை.

பாட்டரி நாலைந்து வருஷப் பழையது என்றால் சோதித்துக்கொள்ளுங்கள். குளிரில் அதன் பலம் குறையும், இன்ஜினோ சுற்றக் கனக்கும். வைப்பர் தண்ணீரில் உறையாத திரவம் ஊற்றுங்கள். இரவில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரமான பிரேக் பிடித்தபடியே உறைந்துவிடலாம். காலையில் கண்ணாடி மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

டீசல் கார் என்றால் டர்பனில் நிரப்பிய டேங்கோடு மேலே போய் இரவு தங்காதீர்கள். குளிரில் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். மலையடி ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சங்கிலி வேண்டுமா?

லெசோத்தோவுக்கு வேண்டும். உங்கள் டயர் அளவுக்குச் சங்கிலி போடலாமா, எந்தச் சக்கரத்தில் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். வேகக் கார்களில் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடைவெளி குறைவு. தடித்த சங்கிலி உள்ளே உரசிப் பிரேக் குழாயை அறுத்துவிடும். மெல்லிய வகையோ துணி உறையோ பொருந்தலாம். 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, வெறும் தாரில் ஓட்டக் கூடாது. வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், விரல் விறைத்த நிலையில் முதல் முறை மாட்ட வராது.

பனியில் எப்படி ஓட்டுவது?

எல்லாம் மெதுவாக. இரண்டாம் கியரில் கிளம்புங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள். மேட்டில் பாதியில் நிற்காதீர்கள். முன்னால் போகிறவர் ஏறி முடிக்கும் வரை கீழேயே காத்திருங்கள். ஸ்போர்ட் மோடு வேண்டாம். ஆழப் பனியில் சிக்கினால் மட்டும் டிராக்ஷன் கன்ட்ரோலைச் சற்று அணைத்து வெளியே வரலாம், வந்ததும் போட்டுவிடுங்கள். வழுக்கினால் போக வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

நல்ல கார், நல்ல டயர் எல்லாம் இருக்கிறது. என்3 மூடப்போகிறது என்று அறிவிப்பு. வேகமாகப் போய்க் கடந்துவிடலாமா?

வேண்டாம். 2024 செப்டம்பரில் வான் ரீனனில் சிக்கியவர்களில் பலருடைய காருக்குக் குறை எதுவும் இல்லை. முன்னால் லாரிகள் குறுக்கே நின்றுவிட்டன; வழியே இல்லாத இடத்தில் ஆல் வீல் டிரைவ் என்ன செய்யும்? மாற்றுவழி என்று ஆலிவியர்ஷுக் கணவாய் பக்கம் ஆர்74இல் திரும்புகிறவர்கள் உண்டு. அங்கேயும் பனி விழும். டர்பனிலிருந்து போகிறவர்கள் மூயி ரிவர், எஸ்ட்கோர்ட், லேடிஸ்மித் ஆகிய ஊர்களுக்குள்ளேயே, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் வில்லியர்ஸ், வார்டன் ஊர்களிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.

எப்படியும் ஜூன் முதல் செப்டம்பர் கடைசி வரை டிக்கியில் இவை இருக்கட்டும்: ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், பிள்ளைகளுக்கு உடனே தின்னக் கொடுக்க ஏதாவது, வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு நாளைக்கானது, டார்ச், போன் சார்ஜர், ஒரு சின்ன மண்வெட்டி. எஸ்ட்கோர்ட் தாண்டும்போது டேங்க் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடும் முன், பின்னால் போய் சைலன்சர் வாயில் அடைந்திருக்கும் பனியைக் கையால் தள்ளிவிடுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. மணிக்குப் பத்து நிமிஷம் ஓடினால் போதும். ஒரு பக்க ஜன்னலை விரல் அளவு திறந்தே வையுங்கள்.